மாலை போடாத படம்

பூவராகன் இறந்த செய்தி வந்த மத்தியானம், கனகம் அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் யாருக்கும் அவர் உறவில்லை. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, சினிமாவில் அப்பாவாகவும் பெரியப்பாவாகவும் மாமனாராகவும் நடித்துக்கொண்டே முதுமைக்கு வந்தவர். ஆனாலும் துக்கம் விசாரிக்க ஓர் இடம் வேண்டுமே. அவர் படம் நடுக்கூடத்தில் தொங்குகிற வீடு ஊரில் இது ஒன்றுதான். அதனால் இங்கே வந்தார்கள். வந்தவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து, சுவரில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தென்னந்தோப்பில் காற்று வந்து வந்து போயிற்று.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். நான் கல்லூரி வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்து, அக்காவின் மாடியில் குடியிருக்கிறேன். அன்று கீழே இறங்கி வந்து, அடுக்களைக் கதவருகே நின்ற அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் அழவில்லை. யாருக்கோ காத்திருப்பவர் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலுமணி அண்ணன் வந்தார். படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்கு வீடு, தோப்பு, மாட்டுவண்டி எல்லாம் பிடித்துக் கொடுப்பவர். கையில் வாழையிலையில் சுற்றிய பெரிய சம்பங்கி மாலை.

"அம்மணி, ஒரு ஸ்டூல் குடுங்க. மாலையைப் போட்டுப்போடலாம். டிவிக்காரங்க வாரேன்னு போன் பண்ணியிருக்காங்க. படம் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"

"போடாதீங்க."

"ஏனுங்?"

"அவரு இன்னும் சிரிக்கலீங்களே."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். வேலுமணி அண்ணனுக்கு மட்டும் புரிந்தது. அவர் மாலையை இலையோடு மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். எனக்கும் புரிந்தது.

கனகம் அக்காவின் வீட்டுக்காரர் பெயர் சென்னகிருஷ்ணன். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தெலுங்கு பேசிக்கொண்டு வந்து இந்த மண்ணில் விவசாயத்தில் இறங்கிய குடும்பம்; இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். ஒருநாள் காலையில் தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வாய்க்கால் ஓரத்திலேயே சாய்ந்துவிட்டார். அவருக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. கேமராவைக் கண்டால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாராம். அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் ரோஹன் சொன்னபோது, "அதுல அவரு ஆட்டைத் திருடிட்டு மாட்டிக்கிட்டவராட்ட இருக்காரு. அந்த மூஞ்சிக்கு நான் விளக்கு வெக்க மாட்டேன்" என்றார் அக்கா.

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அக்கா ஏதோ சொல்ல, சென்னகிருஷ்ணன் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார். ஸ்டுடியோக்காரர் அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார். வெட்டியும் ஓரத்தில் ஒரு துண்டு பச்சை நின்றுவிட்டது. அது அக்காவின் தோள். கிளிப்பச்சைப் பட்டு, சிவப்புக் கரை. அந்தப் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, பொட்டு வைத்து, நடுக்கூடத்தில் ஓர் ஆணியில் மாட்டினார்கள். பிறகு ஸ்டுடியோ மூடப்பட்டது. கல்யாண வீட்டு ஆல்பமும் வெள்ளத்தில் போயிற்று. ஆணியில் இருந்தது ஒன்றுதான் மிச்சம்.

அவர் அப்படி என்ன சொல்லித் தன் கணவரைச் சிரிக்க வைத்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தெலுங்குல சொன்னேன் கண்ணு. தமிழ்ல சொன்னா அதுல ஒண்ணுமே இருக்காது" என்று முடித்துவிட்டார்.

சென்னகிருஷ்ணன் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் படப்பிடிப்பு. பழைய ஓட்டு வீடு, பெரிய கூடம், முற்றம் நிறைய வெயில். வேலுமணி அண்ணன் காட்டியதும் சென்னைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. கதையில் குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். அவர்தான் பூவராகன். வீட்டுப் படங்களை எல்லாம் கழற்றி, போர்வையில் சுற்றி உள்ளறையில் வைத்தார்கள். சென்னகிருஷ்ணன் இருந்த ஆணியில், சந்தன மாலையோடு பூவராகனின் படம் ஏறியது. கீழே, கூடத்தின் நடுவில், பூவராகனே வெள்ளை வேட்டியில் படுத்தார். சென்னகிருஷ்ணனைக் கிடத்திய அதே இடம்.

அடுக்களைக் கதவருகே நின்று பார்த்த அக்காவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நடிக்க வந்த பெண்களைவிட இவர் நன்றாக அழுகிறார் என்று யாரோ சொன்னார்களாம்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். திரையில் அது வராது. ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். உயிரோடு இருப்பவருக்குப் போட்ட மாலையை அந்தக் கணமே படத்திலிருந்தும் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பூசணிக்காய் உடைப்பது, காபி குடிப்பது எல்லாம்.

பூவராகன் எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பு வரவில்லை. கேமராவுக்குப் பின்னால், கதவருகே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள்.

"அந்தம்மா அப்படி நிக்கறப்போ நான் எப்படிப்பா சிரிக்கறது?" என்றார்.

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் கூச்சம். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"ஏனுங்க, நீங்க செத்தது பத்தலீங்க. வயிறு ஏறி ஏறி எறங்குச்சு. எங்கூட்டுக்காரரு இதே எடத்துல இன்னும் நல்லாப் படுத்திருந்தாருங்க."

எல்லோரும் இப்போது பூவராகனைப் பார்த்தார்களாம். பிறகு பூவராகன் சிரித்தார். மூக்கில் வைத்திருந்த பஞ்சு தெறித்து விழுகிற சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று சாயங்காலம் அவர் முற்றத்தில் உட்கார்ந்து அக்கா போட்ட காபியைக் குடித்தார். "உங்க ஊர்ல பொம்பளைங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். "அம்மணின்னு கூப்பிடுங்க" என்றார் அக்கா. போகும்போது பூவராகன் தன் போன் நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

தவறு நடந்தது மறுநாள், சாமான் ஏற்றும்போது. "மாலை போட்ட படத்தை வண்டியில் ஏத்து" என்று யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். வழக்கப்படி பூவராகனின் மாலையைக் கழற்றிவிட்டார்கள் அல்லவா? போர்வைக்குள் மாலையோடு இருந்தது சென்னகிருஷ்ணன் மட்டும்தான். அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாலை இல்லாத படம் வீட்டுக்காரர்களுடையது என்று நினைத்து, பூவராகனை அக்கறையாகத் துடைத்து, ஆணியிலேயே விட்டுவிட்டார்கள்.

விளக்கு வைக்க வந்த அக்கா தீக்குச்சியைக் கொளுத்தி நிமிர்ந்தால், சுவரில் வேறொரு ஆள்.

"என்ற புருசனக் கொண்டு போயிட்டு, இந்தாளை உட்டுட்டுப் போயிட்டாங்க வேலுமணி!"

வேலுமணி அண்ணன் கேட்டுப் பார்த்தார். படக் கம்பெனி கடன்பட்டுக் கலைந்துவிட்டது. சாமான்களை வாடகைக்கு விடுகிற கிடங்குக்குப் போயிருக்கும் என்றார்கள். எந்தக் கிடங்கு என்று தெரியவில்லை.

நான் குடிவந்தது அதற்குப் பிறகு. வந்த புதிதில், அக்கா டிவிப் பைத்தியம் என்று நினைத்தேன். மத்தியானம் தொடங்கினால் சீரியல், இடையில் பழைய படம், பிறகு மறுபடி சீரியல். ஆனால் ஒருவர் அழுதாலும் அடித்தாலும் அக்காவின் முகத்தில் ஒன்றும் நடக்காது. அவர் கண் நடிகர்களின் தலைக்கு மேலே, பின்சுவரில் இருந்தது. கேமரா நகரும்போது அவர் கழுத்தும் கூடவே நகரும், அடுத்த அறையை எட்டிப் பார்ப்பதுபோல.

ஒருநாள் என்னை மாடியிலிருந்து கத்தி அழைத்தார். நான் ஓடிவந்தபோது திரையில் வைரத்தோடு போட்ட ஒரு மாமியார் யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டைக்குப் பின்னால், சந்தன மாலைக்குள், ஒரு மனிதர் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கீற்றுப் பச்சை.

"பாத்தியா? அவளுக்குப் புருசனா இருக்காரு," என்றார் அக்கா. உதட்டில் ஒரு கோணல் சிரிப்பு. "என்ற தோளும் நடிச்சிருக்குது, பாத்துக்க."

நான் அந்த சீரியல் கம்பெனிக்குப் போன் செய்தேன். சாமான் திரும்பிப் போய்விட்டது என்றார்கள். சில மாதம் கழித்து ஒரு சினிமாவில் சென்னகிருஷ்ணன், ஒரு நீதிபதிக்கு அப்பாவாக வந்தார். அதன்பிறகு ஒரு விளம்பரத்தில் அரை நொடி. நாங்கள் கேட்பதற்குள் ஒவ்வொரு முறையும் அவர் வேறொரு வீட்டுக்கு இறந்துபோகக் கிளம்பியிருப்பார். "ஊர்ல இருந்தப்போ பொள்ளாச்சிச் சந்தையைத் தாண்ட மாட்டாரு. இப்பப் பாரு, ஆளப் புடிக்கவே முடியல" என்பார் அக்கா. சொல்லிவிட்டு டிவி ஒலியைக் குறைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

பூவராகனைக் கூப்பிடலாமே என்றேன். அத்தனை பெரிய ஆளை இதற்கெல்லாமா என்று தயங்கினார். கடைசியில் நானே நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்தேன்.

பூவராகன் மறக்கவில்லை. "என்னைய நல்லாச் சாகலைன்னு சொன்ன அம்மணிதானே?" என்று அந்தப் பக்கத்தில் சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"என் படம் இப்போ எங்கே இருக்கு?"

"அதே ஆணியிலதானுங்க."

"மாலை?"

"போடலீங்க. நீங்க நல்லா இருக்கீங்களே."

"அப்போ அது அங்கேயே இருக்கட்டும். ஆணி காலியா இருக்க வேண்டாம். நான் போகாத செட்டு கிடையாது அம்மணி. அவரை நான் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் என்னைப் பிணையா வெச்சுக்கங்க."

அப்படித் தொடங்கியது. ஒரு நடிகரும் தோப்புக்காரப் பெண்மணியும் பேசிக்கொள்ள வேறென்ன இருக்கிறது? ஆனால் அவர் கூப்பிடுவார். காரைக்குடியிலிருந்து, ஹைதராபாத்திலிருந்து, ஏதோ மலையிலிருந்து. "இங்கேயும் இல்லீங்க அம்மணி" என்பார். அந்த 'ங்க' மெல்ல மெல்லச் சரியான இடத்தில் விழ ஆரம்பித்தது. ஒருமுறை ஒரு கிடங்குக்கே போய் வந்து சொன்னார். நீளமான தகரக் கொட்டகை. மாலை போட்ட மனிதர்கள் நூற்றுக்கணக்கில், சுவரைப் பார்த்தபடி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாராம். மீசைக்காரர்கள், கண்ணாடி போட்டவர்கள், வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தவர் போல ஒரு கிழவி. "எல்லோரும் யாரோ ஒரு வீட்டு ஆளுங்க தானே அம்மணி. திருப்பினா, வந்துட்டியான்னு கேக்கற மாதிரி பாக்கறாங்க. திருப்பி வெச்சிட்டு வரவே மனசு வரலை." அன்று அக்கா அந்த மனிதர்களுக்கும் சேர்த்து விளக்கு வைத்தார் என்று நினைக்கிறேன். விளக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

பூவராகனின் படங்களை நானும் பார்த்து வளர்ந்தவள். என் அப்பா அதிகம் பேசாதவர். அப்பாக்கள் பேசினால் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குக் காட்டியது பூவராகன்தான். ஆனால் இந்த வீட்டுச் சுவரில் தொங்கியவர் எனக்கு வேறொருவராக ஆகிவிட்டார். காலையில் பால் வாங்க இறங்கும்போது கூடத்தின் அரை இருட்டில் அவர் முகம் தெரியும். யார் வீட்டுக்கோ வந்து, வீட்டுக்காரர் வரும்வரை உட்காரச் சொல்லப்பட்டவரின் அடக்கம் அதில் இருக்கும்.

உறவுக்காரர்கள் பேசத்தான் பேசினார்கள். புருசன் படம் இருந்த இடத்தில் சினிமாக்காரன் படமா என்று வெள்ளகோவிலில் இருந்து வந்த ஒரு நாத்தனார் கேட்டார். "அவரைக் கூட்டியாரப் போனவருங்க. வந்ததும் எறங்கிக்குவாரு" என்றார் அக்கா. நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

போன வருடக் கடைசியில் போன் குறைந்தது. உடம்பு சரியில்லை என்று பத்திரிகையில் வந்தது. பிறகு அந்த மத்தியானச் செய்தி.

டிவிக்காரர்கள் வந்து, மாலையில்லாத படத்தைக் கேமராவில் பதிவு செய்துகொண்டு போனார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அக்கா சொன்னார்: "மாலையைப் போட்டுட்டா, அவரு இனி வர மாட்டாருன்னு ஆயிரும். அவரு வரலைன்னா, எங்கூட்டுக்காரரும் வர மாட்டாரு. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் நானே அனுப்பி வெக்கணுமா கண்ணு?"

சம்பங்கி மேஜைமேல் கிடந்து மணத்தது. இரண்டு நாளில் வாடி, அதன் பிறகு தென்னை மரத்தடிக்குப் போயிற்று.

பூவராகன் கடைசியாக நடித்த படம் அடுத்த மாதம் வெளிவந்தது. வேலுமணி அண்ணன் காரில் பொள்ளாச்சிக்குப் போனோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டார். அது கிளிப்பச்சை என்பதைத் தியேட்டர் விளக்கு அணையும்போதுதான் கவனித்தேன்.

கதை எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பூவராகன் மெலிந்திருந்தார். சட்டைக்குள் உடம்பு எங்கோ தள்ளி இருப்பதுபோல் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவர் இறந்துபோகிறார். கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். அக்கா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இந்த முறை சுவரை அல்ல, அவரை.

"இப்ப நல்லாப் படுத்திருக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னார். வயிறு அசையவே இல்லை.

படம் முடிந்தது. ஜனங்கள் எழுந்தார்கள். 'பூவராகன் ஐயாவுக்கு' என்று எழுத்து வந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. திரையின் ஒரு பக்கத்தில், யாரும் எதிர்பார்க்காமல், அந்தச் சாவுக் கூடம் மறுபடி வந்தது. வழக்கமாக யாருக்கும் காட்டாத அந்தத் துண்டு. அவர் நினைவாகச் சேர்த்திருக்கிறார்கள்.

பூவராகன் கையை ஊன்றி, மெல்ல எழுந்து உட்கார்கிறார். மூக்குப் பஞ்சை எடுக்கிறார். யாரோ சிரிக்கச் சொல்கிறார்கள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்சுவரைக் காட்டுகிறார். அங்கே மாலை போட்ட ஒருவர் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் பச்சை.

"அம்மணி!" என்று கூப்பிடுகிறார் பூவராகன். மூச்சு வாங்குகிறது. "கண்டுபுடிச்சுட்டேனுங்க! இந்தப் படத்துல இவரு எனக்கு அண்ணனுங்க!"

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைகூப்பிக்கொண்டு சிரித்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமலே தியேட்டரில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் காட்சி எடுத்த நாள்தான் அவர் நடித்த கடைசி நாள் என்று பிறகு தெரிந்தது. நேரில் கொண்டுவந்து கொடுக்க நினைத்திருப்பார். செட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்.

அக்கா எழுந்து நின்று, திரையைப் பார்த்துத் திருப்பிக் கைகூப்பினார். வேலுமணி அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் காருக்குப் போகவில்லை. தியேட்டர் சுவர் ஓரமாக நின்று சென்னைக்குப் போன் போட்டார். "அந்தச் சுவத்துப் படத்தை இனி ஆருக்கும் வாடகைக்கு விடாதீங்க. அது எங்கூரு ஆளுங்க!" என்று அவர் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் அவரே ரயிலில் போய் வாங்கி வந்தார். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். சட்டத்தின் ஒரு மூலை உடைந்திருந்தது. பின்பக்கம் முழுக்க யார் யாரோ ஒட்டிய சீட்டுகள். முன்னால் சென்னகிருஷ்ணன் அப்படியே இருந்தார். இத்தனை வீடுகளில் இறந்தும் சிரிப்பு கலையவில்லை.

அக்கா ஸ்டூல்மேல் ஏறிப் பூவராகனை இறக்கினார். வீட்டுக்காரரை அவர் ஆணியில் மாட்டினார். பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்கச் சொல்லி, பூவராகனை அதில் மாட்டினார். பூக்கடையில் இருந்து புதுச் சம்பங்கி வந்திருந்தது. முதல் மாலையைப் பூவராகனுக்குப் போட்டார். போட்டுவிட்டு, படத்தின் கன்னத்தை ஒருமுறை தொட்டார்.

"சிரிச்சுப்போட்டாரு. இனிப் போடலாமுங்க" என்றார் வேலுமணி அண்ணனிடம்.

விளக்கு வைத்தோம். காபி குடித்தோம். வேலுமணி அண்ணன் கிளம்பிய பிறகு, அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கண்ணு, அந்த டிவியைப் போடு. இனிமேட்டுக் கதையைப் பாக்கலாம்."

போட்டேன். அவர் தினமும் பார்க்கிற சீரியல்தான். ஒரு பெண் வாசற்படியில் விழுந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அக்கா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆரு கண்ணு இவ? எதுக்கு இப்படி அழுகறா?"